ரேடியோ அக்காவும் ஆயிரம் வாத்துகளும்

அச்சகத்துக்கு மேல்மாடியில் குடியிருந்த அந்தக் குடும்பத்தில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. கீழே இயந்திரம் காலையில் ஓட ஆரம்பித்தால், விளக்கு வைக்கும் நேரம் வரை தடதடவென்று மாடித் தரையை உலுக்கிக்கொண்டே இருக்கும். உப்பை எடுத்துத் தரச் சொல்வதென்றாலும் அடிவயிற்றிலிருந்து கத்தித்தான் சொல்ல வேண்டும். அந்த வீட்டின் நாலாவது பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது வரை, தன் குரல் கொஞ்சம் அதிகம் என்பதே தெரியாது. இயந்திரம் நிற்கும் விடுமுறை நாட்களில் கூட அவள் அதே சுருதியில்தான் பேசினாள். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, வீட்ல சண்டையா?" என்பார். "இல்லண்ணே, அப்பாகிட்ட குளிக்கத் தண்ணி சூடா இருக்கான்னு கேட்டேன்" என்று இவள் சொல்ல, அதையும் தெருக்கோடிவரை எல்லோரும் கேட்பார்கள்.

அச்சகத்தில் அவளுக்குப் பிழை திருத்தும் வேலை. ஒரு நாள் மழை விட்ட மதியத்தில், முழங்கால் வரை சேறு அப்பிய ஒரு ஆள் வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றான். தரையெல்லாம் சேறாகிவிடுமே என்று உள்ளே வரத் தயங்கினான். இவள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாசலுக்கே போனாள்.

"என்ன நோட்டீஸ்?"

"காணவில்லைன்னு போடணுங்க."

"யாரைக் காணோம்?"

"நாப்பது வாத்துங்க."

அவள் சிரிப்பை உதட்டுக்குள் மடக்கி வைத்துக்கொண்டு எழுதினாள். "அடையாளம்?"

"பழுப்பு நிறம். மூக்கு மஞ்சளா இருக்கும். நடந்தா இப்படி ஆடி ஆடி நடக்கும்." அவன் நடந்தே காட்டினான்.

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் உள்ளே இயந்திரத்தருகே நின்ற அப்பாவே திரும்பிப் பார்த்தார். "ஏங்க, உலகத்துல எல்லா வாத்தும் அப்படித்தானே இருக்கும்!"

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ரொம்பவும் பொறுமையாக, "வேற வாத்தும் அப்படித்தாங்க இருக்கும். ஆனா நம்ம வாத்து நம்மளைப் பார்த்தா தலையை ஆட்டும். அதையும் எழுதிக்குங்க" என்றான்.

அவள் எழுதிக்கொண்டாள். நோட்டீஸ் அச்சாகி மை காய்வதற்குள், நாற்பது வாத்துகளும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த குட்டையில் சுகமாக நீந்திக்கொண்டிருப்பது தெரிந்துவிட்டது. இருந்தும் அவன் நோட்டீஸை வாங்க வந்தான். அடுத்த வாரம் இன்னொரு நோட்டீஸ் அடிக்க வந்தான். மூன்றாம் வாரம் எதற்கு வந்தோம் என்று சொல்லத் தெரியாமல் விழித்தான். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இந்தப் பையனுக்கு இனிமே ஒரே ஒரு பத்திரிகைதான் அடிக்கணும் போல" என்றார். அந்தப் பத்திரிகையில் பிழை திருத்த வேண்டிய வேலை இருக்கவில்லை. மணப்பெண்ணே எழுதிக் கொடுத்திருந்தாள்.

அவள் வாக்கப்பட்டுப் போன வீட்டுக்குச் சுவர் இல்லை. வாத்து மேய்க்கிறவர்களின் வாழ்க்கை அறுவடையின் பின்னாலேயே நடக்கும் வாழ்க்கை. எங்கே நெல் அறுத்து முடிகிறதோ, அங்கே போய்த் தார்ப்பாயைக் கட்டுவார்கள். அறுத்த வயலில் உதிர்ந்து கிடக்கும் மணிகளையும், சேற்றில் ஒட்டியிருக்கும் நத்தையையும், பூச்சி புழுவையும் வாத்துகள் பொறுக்கித் தின்னும். தின்ற இடத்தில் உரத்தைப் போட்டுவிட்டுப் போகும். வயல்காரருக்கும் சந்தோஷம், வாத்துக்கும் சந்தோஷம். பத்து நாளில் அந்த வயல் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிடும். அப்புறம் அடுத்த ஊர். சாயங்காலம் வலையை வட்டமாகக் குச்சி நட்டுக் கட்டி, உள்ளே வைக்கோல் பரப்பி, கூட்டத்தை அந்தப் பட்டிக்குள் அடைப்பார்கள். வெளிச்சம் வருவதற்குள் வாத்துகள் முட்டையிட்டு முடித்திருக்கும். விடிந்ததும் முட்டை பொறுக்க வேண்டும்.

மாமனார் நல்ல மனிதர். புதுப் பெண் முதல் நாள் காலையில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாடி, எவ்வளவு அழகு!" என்று மனமாரச் சொன்னாள். ஆயிரம் வாத்துகளும் இடி விழுந்ததுபோல் நாலா பக்கமும் சிதறின. பாதி வாய்க்காலில் விழுந்தன. சில, பக்கத்து வயலில் அறுக்காமல் நின்ற பயிருக்குள் புகுந்துகொண்டன. மாமனாரும் இரண்டு மகன்களும் அவற்றை ஓட்டிச் சேர்க்க மத்தியானம் ஆகிவிட்டது. மாமனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "வீட்டுக்கு ஒரு ரேடியோ வாங்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். வந்துருச்சு" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு ரேடியோ என்றே பெயர். முட்டை வாங்க வரும் வியாபாரிகள் ரேடியோ அக்கா என்றார்கள். கூப்பிட்ட பெயருக்கெல்லாம் முகம் சுளிக்காமல் 'என்ன?' என்று கேட்பாள், அதையும் உரக்கத்தான் கேட்பாள்.

ஆனால் கூட்டம் நடக்கும்போது அவள் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு ஏற்பாடு ஆயிற்று. மாமனார் முன்னால் நடப்பார். நீளமான கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "ஹோ... ஓய்... வாவாவா" என்று கூப்பிடுவார். கடைசி 'வா' மட்டும் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். அந்தக் குரலுக்கு ஆயிரம் வாத்தும் கயிறு கட்டி இழுத்ததுபோல் பின்னால் போகும். மகன்கள் இருவருக்கும் அதே குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மூன்று பேரில் யார் கூப்பிடுகிறார்கள் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. ரேடியோ பின்னால், தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிய வண்டியோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு வருவாள். வாத்துகள் பேசிக்கொண்டே போகும். இவள் பேசாமல் போவாள்.

மாமனார் காலமானபோது கூட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். பிரிப்பதில் ஒரு தகராறும் இல்லை, ஆளுக்கு ஐந்நூறு. தகராறு வாய் வார்த்தையில் வந்தது. அண்ணன் நல்லதைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளு. உன் பங்கைப் பத்திரமா பார்த்துக்கணும்னா உன் பொண்டாட்டியைப் பொறந்த வீட்லயே விட்டுட்டு வந்துடு. அவ வாயைத் திறந்தா உன் வாத்து அடுத்த நாட்டுக்குப் போயிடும்" என்றார்.

தம்பி அதிகம் பேசுகிறவன் இல்லை. கழியை எடுத்துத் தோளில் வைத்தான். "வாத்து போனா போகட்டும்" என்றான். தன் ஐந்நூறை ஓட்டிக்கொண்டு கிழக்கே போனான். அண்ணன் மேற்கே போனார். ஏழு வருடம் அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை. ஓரகத்திகள் இருவரும் மட்டும் யாருக்கும் தெரியாமல் முட்டை வியாபாரி மூலம் சேதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஊறுகாய் அனுப்பினால், மற்றவள் காலிப் பாட்டிலில் வேறு எதையாவது நிரப்பி அனுப்புவாள்.

இந்த ஏழு வருடத்தில் ரேடியோவுக்கு ஒரு மகள் பிறந்து, நடந்து, பேசி, பள்ளிக்கூடம் போகும் வயதாகி, அச்சகத்து மாடியில் தாத்தாவோடு தங்கிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். அவளும் உரக்கத்தான் பேசினாள். ரேடியோவோ, அண்ணன் சொன்ன சொல் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்ததால், கூட்டம் வெளியே நிற்கும் நேரத்தில் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு வாய்த்த ஒரே நேரம் விடியற்காலை. புருஷன் அடுத்த வயலைப் பார்த்து வரக் கிளம்பிப் போயிருப்பான். வாத்துகள் வலைக்குள் இருக்கும், எங்கேயும் ஓட முடியாது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போவாள், போட்டிருந்த பூட்டைத் திறப்பாள்.

"எந்திரிங்கடி மகாராணிகளா! இன்னும் என்ன தூக்கம்? நகரு! முட்டையை மிதிச்சே, காலை உடைச்சிருவேன்! ஏய் கோணக்கழுத்து, உனக்குத் தனியா பத்திரிகை அடிச்சு அழைக்கணுமா? தள்ளி உக்காரு!"

முதல் ஒரு மாதம் வாத்துகள் மிரண்டு வலையோரம் போய் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. அப்புறம் பழகிப்போயிற்று. முட்டை பொறுக்கி முடித்ததும் அவள் ஒரு வாளி தவிட்டைக் கொட்டுவாள் என்பது தெரிந்த பிறகு, அந்த வசவைக் கேட்டாலே கழுத்தை நீட்டிக்கொண்டு அவளைச் சூழ்ந்து நின்றன. இது அவளுக்கும் வாத்துக்கும் மட்டும் தெரிந்த விஷயம். பெரிதாகச் சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படி இருக்கையில், ஒரு அறுவடைப் பருவத்தில் புருஷனுக்குத் தொண்டை கட்டியது. முதலில் கரகரத்தது. இரண்டு நாள் வெந்நீர் குடித்தான். மூன்றாம் நாள் "ஹோ" என்று ஆரம்பித்தால் காற்றுதான் வந்தது. வாத்துகள் நின்று, தலையைச் சாய்த்து, 'இது யார்?' என்பதுபோல் அவனைப் பார்த்தன. ரேடியோ அவனை இழுத்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "குரல்நாண் வீங்கியிருக்கு. பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குசுகுசுன்னு கூடப் பேசக் கூடாது. என்ன வேலை செய்யறீங்க?"

அவன் வாயைத் திறந்தான். டாக்டரம்மா விரலை ஆட்டினார். அவன் இரண்டு கையையும் இடுப்பில் இறக்கை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே ஆடிக் காட்டினான்.

"டான்ஸ் மாஸ்டரா?"

"வாத்து மேய்க்கறோம் டாக்டர்!" என்றாள் ரேடியோ. அடுத்த அறையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் துள்ளிய சத்தம் கேட்டது. டாக்டரம்மா காதைத் தேய்த்துக்கொண்டே, "உங்க தொண்டை நல்லா இருக்கும்மா. அவர் பங்கையும் நீங்களே பேசிடுங்க" என்றார்.

முட்டை வைக்கும் அட்டையைக் கிழித்து வைத்துக்கொண்டு, அதில் பென்சிலால் எழுதிக் காட்டித்தான் அவன் ஆறு நாளை ஓட்டினான். தரையில் நடக்கும்வரை பிரச்சினை இல்லை. அவன் முன்னால் நடந்தால், ஆளைப் பார்த்து வாத்துகள் பின்னால் வந்தன. ஏழாம் நாள் வயலைக் காலி செய்துவிட்டுப் பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. பாலத்தின் மேல் ஒழுங்காக ஓட்டிக்கொண்டு போயிருந்தால் ஒன்றுமில்லை. அன்று காலைதான் மேலே மதகைத் திறந்து தண்ணீர் விட்டிருந்தார்கள். கோடை முழுக்கச் சேற்றை மட்டும் பார்த்த ஐந்நூறு வாத்துகளும், புதுத் தண்ணீரைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்தன. தொப் தொப்பென்று குதித்தன.

அதே நேரத்தில் எதிர்க்கரையிலிருந்து இன்னொரு ஐந்நூறு குதித்தது. அந்தக் கரையில் கழியோடு நின்றவர் அண்ணன். அவருக்குப் பக்கத்தில் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓரகத்தி நின்றாள்.

பாலத்துக்குக் கீழே வாய்க்கால் குளம்போல் அகன்றிருந்தது. அதில் ஆயிரம் வாத்தும் ஒன்றாகக் கலந்து, முக்குளித்து, இறக்கையை அடித்து, ஊரே எழுந்துகொள்ளும்படி கூச்சல் போட்டன. எல்லாம் பழுப்பு, எல்லாவற்றுக்கும் மஞ்சள் மூக்கு. ஒரே தாய்க் கூட்டத்திலிருந்து வந்த வாத்துகளின் வம்சம்தானே, எதை வைத்துப் பிரிப்பது?

மதகுக் காவலர் சைக்கிளில் வந்து இறங்கினார். "என்னய்யா இது, தண்ணியே தெரியலை? மத்தியானம் இன்னும் ரெண்டு கதவு திறக்கப் போறோம். அதுக்குள்ள ஓட்டிக்கிட்டுப் போயிடணும். பேசாம எண்ணி பாதி பாதியா எடுத்துக்குங்க."

அண்ணன் தலையை ஆட்டினார். "அப்படி எடுத்துக்க முடியாதுங்க. தெரியாத கூட்டத்துல மாட்டிக்கிட்டா வாத்து ஏங்கிப் போயிடும். ஒரு மாசத்துக்கு முட்டையே இடாது." இக்கரையில் தம்பியும் அதே நேரத்தில் தலையாட்டினான். இருவரும் ஒரே மாதிரி தலையாட்டுவதைப் பார்த்த காவலர், "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார். அண்ணன் கழியைப் பார்த்தார், தம்பி தண்ணீரைப் பார்த்தான்.

"ஆளுக்கொரு கரையில நின்னு கூப்பிடுங்க. அதது அதது ஆள்கிட்ட போகட்டும்" என்றாள் ஓரகத்தி.

வாத்துக்காரர்கள் எல்லா இடத்திலும் செய்வதுதான். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹோ... ஓய்... வாவாவா" என்றார்.

ஆயிரம் வாத்தும் ஒரே நேரத்தில் கூச்சலை நிறுத்தின. ஆயிரம் தலைகள் அவர் பக்கம் திரும்பின. ஆயிரமும் அவரைப் பார்த்து நீந்தின. ஒன்று கூட இந்தப் பக்கம் தங்கவில்லை. அண்ணனின் முகம் முதலில் மலர்ந்தது. எந்த வாத்துக்காரனுக்கும் தன் குரலுக்கு ஆயிரம் வாத்து வருவது பெருமைதானே. ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது, முகம் தொங்கிவிட்டது.

"என்ன பண்றீங்க?" என்றாள் ஓரகத்தி. "எல்லாத்தையும் கூப்பிட்டு வச்சுக்கிட்டா நம்மளைக் கொள்ளைக்காரங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

"நான் என்னடி பண்றது? எப்பவும் கூப்பிடற மாதிரிதான் கூப்பிட்டேன்!"

தம்பி அட்டையில் வேகமாக எழுதி, கரையோரம் போய் உயர்த்திப் பிடித்தான். அந்தத் தூரத்துக்கு எழுத்து தெரியுமா? காவலர் கண்ணை இடுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் இருந்து வாசித்துச் சொன்னார்: "குரல் அப்பாவோடது. ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். தப்பு இல்லை."

அண்ணன் அதைக் கேட்டுவிட்டுக் கழியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். "ஏன் எழுதிக் காட்டறான்? என்னோட பேசக் கூடாதுன்னு அவ்வளவு வைராக்கியமா?" என்றார் அக்கரையிலிருந்தே.

"தொண்டை போயிருச்சு அத்தான்! டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாங்க!" என்று சொல்ல ரேடியோவுக்கு வாய் வரை வந்துவிட்டது. கூட்டம் தண்ணீரில் நிற்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கையால் தொண்டையைத் தொட்டுக் காட்டி, விரலை ஆட்டி, ஊசி போடுவதுபோல் செய்து காட்டினாள். அண்ணன் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, "கழுத்தை வெட்டிருவேன்னு சொல்றாளா?" என்று பெண்டாட்டியிடம் கேட்டார்.

தம்பி கழியை ஆட்டிப் பார்த்தான். கையைத் தட்டிப் பார்த்தான். சீட்டியடிக்கலாம் என்றால் முன்பல் இரண்டு போய் நாலு வருடம் ஆகிறது, காற்று வேறு வழியில் போய்விடும். ஒரு வாத்தும் சட்டை செய்யவில்லை. காவலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கரையில் கரையேறிய வாத்துகள் அண்ணனின் காலைச் சுற்றிச் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. அவற்றில் கோணக்கழுத்து ஒன்று, நன்றாகத் தெரிந்த கோணக்கழுத்து, யாரோ ஒரு அந்நிய வாத்தை மேலே ஏறி மிதித்துக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் ரேடியோவுக்குப் பொறுமை அறுந்தது. ஏழு வருடமாக உதட்டுக்குள் நின்ற அத்தனையும் ஒன்றாக வெளியே வந்தது.

"ஏய் கோணக்கழுத்து! யாரை மிதிக்கறே? காலை உடைச்சிருவேன்! மகாராணிகளா, அங்க என்னடி விருந்தா வைக்கறாங்க? வெக்கமா இல்ல? தவிடு கொட்டினது நான், சொகுசா போய் நிக்கறது அங்கயா? எந்திரிங்கடி! நகருங்கடி!"

காவலரின் சைக்கிள் தானாகச் சாய்ந்தது. பாலத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அக்கரையில் பாதி வாத்துகள், முதல் நாள் அவள் குரல் கேட்ட மாமனாரின் வாத்துகளைப் போலவே, பதறியடித்துக்கொண்டு கரைமேல் ஏறி அண்ணனுக்குப் பின்னால் போய் ஒளிந்தன. மறுபாதி கழுத்தை நீட்டின. நீட்டிய கழுத்தை ஆட்டின. ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கி, அவள் கரையை நோக்கி வரத் தொடங்கின. முதலில் கோணக்கழுத்துதான் வந்தது.

"அப்படி வா! ஏய், பின்னால யாரு, தனியா சொல்லணுமா? வரிசையா வாங்க! இடிக்காதே!"

அவள் திட்டத் திட்ட அவளுடையவை வந்தன. திட்டத் திட்ட அண்ணனுடையவை ஓடின. கால் மணி நேரத்துக்குள் வாய்க்கால் வெறிச்சோடியது. நடுவில் ஏழெட்டு வாத்துகள் மட்டும் எந்தப் பக்கம் என்று முடிவு பண்ண முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

தம்பி வாயைப் பிளந்தபடி மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அட்டையைத் தேடி எடுத்து எழுதினான்: "எப்போ பழக்கினே?"

"யாரு பழக்கினா? தினமும் காலையில திட்டுவேன், அவ்வளவுதான்" என்றாள். முகம் சிவந்துவிட்டது. புருஷனிடம் அவளுக்கு வெட்கம் வந்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அண்ணன் பாலத்தின் வழியாக வந்தார். வந்தவருக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கழியின் நுனியால் மண்ணைக் கீறினார். மேலே பார்த்தார். கடைசியில், "ஏம்மா, நான் அன்னிக்குச் சொன்னதும் சரியாத்தான் போச்சு. என் வாத்து பூரா அடுத்த நாட்டுக்குப் போகப் பார்த்துச்சு" என்றார். சொல்லிவிட்டு, இது மன்னிப்பா வம்பா என்று அவருக்கே சந்தேகம் வந்து, "உன் வாத்து மட்டும் வந்துச்சே. அதை நான் நெனைக்கவே இல்லை. தப்புதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

தம்பிக்குத் தாங்கவில்லை. "அண்ணே" என்றான். வந்தது பாதிக் காற்று, பாதிக் கரகரப்பு.

"பேசாதீங்க!" என்று ரேடியோ போட்ட சத்தத்தில், நடுவில் சுற்றிக்கொண்டிருந்த ஏழெட்டும் ஒரு முடிவுக்கு வந்து அண்ணன் கரைக்குப் பறந்தன. "இன்னும் மூணு நாள் இருக்கு! டாக்டர் என்ன சொன்னாங்க?"

"என்னது, தொண்டையா?" என்றார் அண்ணன். "அட, அதைத்தான் நீ கழுத்துல கையை வச்சுக் காட்டினியா?" அவர் சிரிக்க ஆரம்பித்தார். அக்கரையிலிருந்து ஓரகத்தி, "என்ன சிரிப்பு? எனக்கும் சொல்லுங்க!" என்று கத்தினாள். ரேடியோ இங்கிருந்தே முழுக்கதையையும் சொன்னாள். பாலம் வரை நடக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

அன்று இரண்டு தார்ப்பாயும் ஒரே கரையில், ஆனால் இரண்டு வயல் தள்ளிக் கட்டப்பட்டன. மீதி மூன்று நாளும் அண்ணன் காலையில் தம்பியின் கூட்டத்துக்கு முன்னால் நடந்து "ஹோ... ஓய்" என்று கூப்பிட்டு வயலில் விட்டுவிட்டு, அப்புறம் ஓடிப் போய்த் தன் கூட்டத்தைக் கூப்பிட்டார். வாத்துகளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தம்பி அவரோடு சும்மா நடந்தான். ஏழு வருடச் சேதியை அண்ணன் ஒருவரே பேசித் தீர்த்தார். எதிர்த்துப் பேச முடியாத ஆளிடம் பேசுவது எவ்வளவு சௌகரியம் என்று பெண்டாட்டியிடம் சொன்னாராம். பதினோராம் நாள் தம்பிக்குக் குரல் வந்ததும் முதல் வேலையாக, அந்த மூன்று நாளில் அண்ணன் சொன்னவற்றில் எதெல்லாம் தப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். அதில் ஒரு சின்னச் சண்டை வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் தீர்ந்தது.

அதன் பிறகு ரேடியோ முன்னால் நடக்க ஆரம்பித்தாள். கழி அவளுக்குத் தேவைப்படவில்லை. புருஷன் வண்டியோடு பின்னால் வந்தான், தொண்டைக்கும் நல்லது என்றான். இரண்டு கூட்டமும் ஒரே பாதையில், ஒன்றுக்கொன்று அரை நாள் இடைவெளியில் போக ஏற்பாடு செய்துகொண்டார்கள். முன்னே போகும் கூட்டம் எது என்பதில் ஓரகத்திகளுக்குள் முறை உண்டு. முன்னே போகிறவர்களுக்குத்தானே நல்ல நத்தை கிடைக்கும்.

சேதி மற்ற வாத்துக்காரர்கள் மத்தியில் பரவியது. எங்கேயாவது இரண்டு கூட்டம் கலந்துவிட்டால், மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பி ரேடியோ அக்காவை அழைத்துப் போகத் தொடங்கினார்கள். முதல் தடவை அவளுக்கே சந்தேகம். "என் வாத்து இல்லாத இடத்துல நான் கத்தினா எல்லாம் ஓடிடுமேப்பா!" என்றாள். போய்ப் பார்த்த பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு வாத்துக்காரர்களையும் எதிரெதிராக நிறுத்துவாள். நடுவில் நின்று ஒரு சத்தம் போடுவாள். பயந்த வாத்து தன் ஆளைத் தேடித்தான் ஓடும். ஆளைத் தேடத் தெரியாமல் அவள் காலடியிலேயே வந்து நிற்பவை எப்போதும் சில இருக்கும். அவற்றை அவள் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "இது யாரோடது? நல்லா வளர்த்திருக்கீங்க, பயமே இல்லை" என்பாள். இரண்டு பேரும் தங்களுடையது என்பார்கள். தீர்ப்பு சொல்ல மறுத்துவிட்டு வண்டியில் ஏறிவிடுவாள்.

போன அறுவடையின்போது ஒரு காலையில், அவள் கூட்டம் தார் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. பேருந்து ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் புதியவர், அவசரக்காரர். ஹாரனை அழுத்தினார். வாத்துகள் நடுரோட்டில் நின்று, சத்தம் வந்த திசையை ஆர்வமாகப் பார்த்தன. இன்னும் நீளமாக அழுத்தினார். வாத்துகள் உட்கார்ந்தேவிட்டன.

ரேடியோ ஓட்டுநரின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். பின்னால் வண்டியில் வந்த புருஷன் அவசரமாக இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"தம்பி," என்றாள், அவளால் முடிந்த அளவு மெதுவாக. "சாப்பிட்டீங்களா?"

பேருந்துக்குள் கடைசி இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு எழுந்து, "ஆச்சு, ஆச்சு, சாப்பிட்டேன்" என்றார். பேருந்தே சிரித்தது. ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுத்து, இஞ்சினை அணைத்துவிட்டு, கீழே இறங்கி வந்து, வாத்துகள் எழுந்து நடந்து முடிக்கும் வரை அவள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.